விக்கிப்பீடியாவுக்கு வரும் மாணவர்களை விரட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வடசென்னைப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுவதை அசைன்மென்ட்டாகக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கொடுக்கிற விதம் சரியில்லை. ‘வெள்ளிக்கிழமைக்குள் ஆளுக்கு ஒரு புதுக் கட்டுரை, பத்து மார்க்’ என்று சொன்னால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? எங்கிருந்தாவது நாலு பத்தியை அள்ளி ஒட்டுவார்கள், மறுநாளே அது நீக்கப்பட்டிருக்கும், ‘அங்க இருக்கறவங்க நம்மள எழுத விடமாட்டாங்க’ என்று முடிவு கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அங்கே ரொம்ப நாளாக எழுதிவரும் தண்டையார்பேட்டைக்காரன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

புதுக் கட்டுரைக்கு மார்க் போடுவதை முதலில் நிறுத்த வேண்டும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017இலேயே ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. எண்ணிக்கைக்கு அங்கே பஞ்சமில்லை. மேற்கோள் இல்லாமல், பாதியில் நின்றுபோய், எழுத்துப்பிழையோடு கிடக்கிற கட்டுரைகளைச் சரிசெய்யத்தான் ஆள் வேண்டும். இருக்கிற கட்டுரை ஒன்றில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து, சான்று காட்டித் திருத்துகிற பிள்ளைக்கு அந்தப் பத்து மார்க்கைக் கொடுங்கள்.

ஒரு மாணவி ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி ‘இந்தியாவின் முதல் ரயில் நிலையம்’ என்று சேர்த்திருந்தார். ஏரியாப் பாசம், வேறென்ன. யாரோ ஒருவர் அதை ஒரே சொடுக்கில் பழையபடி ஆக்கிவிட்டுப் போய்விட்டார், காரணம் ஒரு வரி கூட எழுதவில்லை. நான் அந்தப் பிள்ளையின் பேச்சுப் பக்கத்தில், அதாவது அவருக்குச் செய்தி எழுதுகிற பக்கத்தில், எழுதினேன்: பம்பாயிலிருந்து தாணேவுக்கு 1853 ஏப்ரலிலேயே பயணிகள் ரயில் ஓடிவிட்டது, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது 1856 ஜூலை 1ஆம் தேதி, அதனால் ‘தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நிலையம்’ என்று எழுதி ஒரு புத்தகத்தை மேற்கோள் காட்டுங்கள், யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று. ‘பயணிகள்’ என்பதை எதற்கு அழுத்துகிறீர்கள் என்று பதிலுக்குக் கேட்டார். செங்குன்றம் பக்கம் சாலை வேலைக்குக் கல் ஏற்ற 1837இலேயே தண்டவாளம் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் என்றேன். அவ்வளவுதான், பிள்ளைக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. இப்போது பழைய ரயில்வே புத்தகங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த உரையாடல் நடக்காமல் போயிருந்தால் ஓர் ஆளை இழந்திருப்போம்.

ஆகவே என்னைப் போன்ற பழைய விக்கிப்பீடியர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வரவேற்பு வார்ப்புருவை, அதாவது தயாராக எழுதிவைத்த வரவேற்புச் செய்தியை, புதியவரின் பேச்சுப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் வரவேற்றதாக ஆகிவிடாது. அதில் இருக்கிற இருபது இணைப்புகளையும் எந்தப் பிள்ளை தட்டிப் படிக்கப் போகிறது? அந்தப் பிள்ளை எழுதியதைப் படித்து, அதைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். நீக்கித்தான் ஆகவேண்டும் என்றால் நீக்குங்கள், காரணத்தையும் சொல்லுங்கள்.

பேராசிரியர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது. கம்ப்யூட்டர் லேபில் மொத்த வகுப்பையும் உட்காரவைத்தால் ஏழாவது பிள்ளையிலிருந்து எல்லோரும் முழித்துக்கொண்டு நிற்பார்கள், பாதி நேரம் அதிலேயே போய்விடும். முன்னாடியே வீட்டில் கணக்கு தொடங்கி வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் விக்கிப்பீடியா நிர்வாகி யாரிடமாவது சொல்லிவைத்தால் அவரே தொடங்கித் தருவார். கல்லூரிப் பெயரில் ஒரே கணக்கு வைத்து எல்லோரும் எழுதுவதும் கூடாது, தடை செய்துவிடுவார்கள். சொந்தப் பெயர் வேண்டுமென்று கட்டாயமில்லை. முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம் போன் நம்பர், வீட்டு முகவரி எதையும் பயனர் பக்கத்தில் எழுதவேண்டாம் என்று சொல்லுங்கள், ஏனென்றால் அழித்தாலும் அது பக்க வரலாற்றில் கிடக்கும். அந்த வரலாறு உங்களுக்கும் உதவும். யார், எந்த நேரத்தில், எந்தக் கமாவை மாற்றினார் என்பது வரை அதில் தெரியும், மார்க் போட அதைவிட நல்ல பேரேடு கிடையாது.

முதலில் மணல்தொட்டியில், அதாவது பயிற்சிக்கென்றே இருக்கிற பக்கத்தில், எழுதிப் பழகட்டும். அங்கே தப்பு செய்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வேறு தளத்திலிருந்து அடித்த பத்தியை மட்டும் அங்கேயும் ஒட்டக்கூடாது, காப்புரிமை மணல்தொட்டிக்கும் உண்டு. ஏஐயிடம் எழுதி வாங்கி ஒட்டுவது அதைவிட ஆபத்து, இல்லாத புத்தகத்தைப் பக்க எண்ணோடு மேற்கோள் காட்டிவிடும். நடை விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு நோய் உண்டு. யாரைப் பற்றி எழுதினாலும் தெருமுனை ஃப்ளெக்ஸ் பேனர் மாதிரி ‘தலைசிறந்த’, ‘மக்கள் மனதில் நீங்கா இடம்பிடித்த’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதையெல்லாம் வெட்டிவிட்டுப் பார்த்தால் பிறந்த தேதி மட்டும்தான் மிஞ்சும், சில சமயம் அதுவும் இருக்காது.

எதை எழுதுவது என்று கேட்கிற பிள்ளைகளுக்கு: சுற்றிப் பாருங்கள். பின்னி மில் தொழிலாளர்களை வைத்து 1918இல் பெரம்பூர்ப் பக்கம் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம், 1949இல் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா, காசிமேட்டுத் துறைமுகம், திருவொற்றியூர்க் கோயில். எழுதவராத பிள்ளைகூடப் போனில் ஒரு படம் எடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். தானே எடுத்த படமாக இருக்கவேண்டும், வாட்ஸ்அப்பில் வந்தது வேண்டாம்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட கட்டுரைகளுக்கு நாளிதழ்ச் செய்திகள்தான் பெரிய சான்று. ஆனால் தமிழ் நாளிதழ்களின் பழைய இணைப்புகளைத் தட்டினால் பல நேரம் முகப்புப் பக்கத்துக்கோ, எங்கும் இல்லாத பக்கத்துக்கோ கொண்டுபோய் விட்டுவிடுகிறது. இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளை அப்படியே விட்டுவைக்கச் சொல்லுங்கள். இணையத்தில் இல்லாத பழைய இதழ்களைக்கூடத் தேதியும் பக்க எண்ணும் கொடுத்து மேற்கோள் காட்டலாம். உங்கள் அலுவலகத்தில் பைண்டு செய்து வைத்திருக்கும் இதழ்களை மாணவர்கள் வந்து பார்க்க அனுமதி உண்டா, எந்தக் கிழமை வரலாம் என்பதை இந்தப் பகுதியிலேயே தெரிவித்தால் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர்