காபி வாரிய உறுப்பினர் பதவி: குழுவினர் கவனத்துக்கு

வணக்கம். காபி வாரியத்துக்கு ஓட்டுப் போட ஏற்காட்டில் எங்கே பெயர் கொடுப்பது என்று நேற்று ராத்திரி முதல் கேள்வி மேல் கேள்வி. அப்படி ஒரு தேர்தலே கிடையாது. 1942ஆம் ஆண்டு காபி சட்டப்படி உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு. தலைவரையும் சேர்த்து மொத்தம் 33 பேர். மூன்று எம்.பி.க்கள் மட்டும் தேர்வாகி வருகிறவர்கள்: மக்களவையில் இருந்து இருவர், மாநிலங்களவையில் இருந்து ஒருவர். அங்கேயும் ஓட்டு அந்தந்த அவைக்குத்தான், நமக்கு இல்லை.

மற்ற இடங்களைப் பெரிய தோட்டக்காரர், சிறு விவசாயி, வியாபாரி, தொழிலாளர், காபி விளையும் மாநில அரசுகள் என்று பிரித்துத் தருவார்கள். 10 ஹெக்டேருக்குள், அதாவது சுமார் 25 ஏக்கருக்குள் வைத்திருப்பவர் சிறு விவசாயி. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் நிழலில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கிற நம்மில் பெரும்பாலோர் அந்தக் கணக்குதான்.

பதவிக்காலம் மூன்று ஆண்டு. நடுவில் ஒருவர் விலகினால், அடுத்து வருபவருக்கு மிச்சக் காலம் மட்டுமே.

சிபாரிசு செய்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பழம் பறிக்கிற நேரம் வேறு; களத்தில் காயப்போட்டதை விட்டுவிட்டு இதற்காக யாரும் சேலத்துக்கு அலைய வேண்டாம்.