அவர்களும் சோதனையில் தேறியவர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் சென்ற வார இதழில், 'கனடாஸ் வோர்ஸ்ட் ட்ரைவர்' (கனடாவின் மிக மோசமான சாரதி) என்ற தொலைக்காட்சிப் போட்டியை நினைவுகூர்ந்து எழுதியிருந்தவர், பிறர் தடுமாறுவதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே எடுக்கப்பட்ட நிகழ்ச்சி அது என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டிருந்தார். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சாரதிப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுரையாளர் சொன்ன சிரிப்பை நான் மறுக்கவில்லை; நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குக் கீழே கிடந்த கேள்வியை அவர் கவனிக்காமல் விட்டதனால் இதை எழுத நேர்ந்தது.

பிரித்தானியாவில் 2002-இல் ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சியை மூலமாகக் கொண்டு, 2005 முதல் 2018 வரை டிஸ்கவரி அலைவரிசையில் ஆண்ட்ரூ யங்ஹஸ்பண்ட் தொகுத்து வழங்கிய இப்போட்டி 14 பருவங்கள் ஓடியது. மோசமாக ஓட்டுபவர் என்று தமது குடும்பத்தவராலோ நண்பராலோ முன்மொழியப்பட்டவர்கள், அவ்வாறு முன்மொழிந்தவரையும் உடன் அழைத்துக்கொண்டு சாரதிகளுக்கான ஒரு புனர்வாழ்வு மையத்துக்கு வருவார்கள். அங்கே பயிற்சிகளும் சோதனைகளும் நடக்கும். மற்றப் போட்டிகளில் தோற்றவர் முதலில் வெளியேறுவார். இங்கேயோ தேறியவர் முதலில் வீடு திரும்புவார், கடைசிவரை தேறாமல் எஞ்சுபவருக்கே நாட்டின் மிக மோசமான சாரதி என்ற பட்டமும் கிண்ணமும் கிடைக்கும். யாரும் வெல்ல விரும்பாத இந்த ஏற்பாடு வேடிக்கைக்காக மட்டும் செய்யப்பட்டதன்று என்பது என் எண்ணம். வெளியே போக வேண்டுமானால் கற்றுக்கொண்டே ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை எந்தச் சாரதிப் பாடசாலையாலும் தன் மாணவருக்கு அவ்வளவு கூர்மையாக ஏற்படுத்த முடியாது.

நான் குறிப்பிட்ட கேள்விக்கு வருகிறேன்: ஒருமுறை தேறியவர் இன்னும் ஒழுங்காக ஓட்டுகிறாரா என்று பார்ப்பவர் யார்? அங்கே வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சாரதி அனுமதிப் பத்திரம் வைத்திருந்தவர்கள். அதாவது, ஏதோ ஒரு நாள் ஒரு பரிசோதகர் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்க, வாகனம் ஓட்டிக் காட்டி, இவர் வீதியில் ஓட்டத் தகுதியானவர் என்று சான்று பெற்றவர்கள். எமது மாகாணத்தையே எடுத்துக்கொள்வோம். 1994-இல் கொண்டுவரப்பட்ட படிமுறை அனுமதித் திட்டத்தின்படி, ஜி1 எனப்படும் பழகுநர் பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சைக்குப் பின்னர் இரண்டு வீதிச் சோதனைகளில் தேறினால்தான் முழுமையான ஜி பத்திரம் கிடைக்கும். அதற்குப் பிறகு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். குற்றப் புள்ளிகள் குவிவது, மருத்துவர் அறிவிப்பது போன்ற காரணங்கள் இருந்தாலன்றி, 80 வயதாகும் வரை எம்மை மீண்டும் யாரும் அழைத்துப் பார்ப்பதில்லை. 80-க்குப் பிறகும் கண் பரிசோதனையும் ஒரு குழு வகுப்பும் சிறு எழுத்துப் பயிற்சியும்தான் எல்லோருக்கும் பொது, வீதிச் சோதனை தேவைப்பட்டவருக்கு மட்டுமே. இருபது வயதில் தேறியவர் அறுபது ஆண்டுகளில் எத்தனை கெட்ட பழக்கங்களைச் சேர்த்துக்கொள்வார் என்பதைப் பார்க்க அரசிடம் ஏற்பாடு இல்லாதபோது, அந்த வேலையை ஒரு தொலைக்காட்சி நிறுவனம் விளம்பர இடைவேளைகளுடன் செய்து காட்டியது.

அது கற்பித்த பாடங்களும் தரக்குறைவானவையல்ல. அங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது ஒரே விடயம்: எங்கே போக வேண்டுமோ அங்கே பார். வாகனத்தைக் குறுகிய வளைவுகளுக்கூடாக வேகமாகச் செலுத்தும்போதும், திடீரென்று குறுக்கிடும் தடையை விலகும்போதும், மோதிவிடுவோமோ என்று அஞ்சித் தடையையே உற்றுப் பார்ப்பவர் தடையிலேயே போய் மோதுவார். இடைவெளியைப் பார்ப்பவரின் கைகள் தாமாகவே இடைவெளிப் பக்கம் திரும்பும். வீதியோரத்தில் நிற்கும் லொறியைப் பயந்து பார்த்தபடியே அதை நோக்கி மெல்ல மெல்லச் சரிந்துபோன மாணவர்கள் எனக்கு எத்தனையோ பேர். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீற்றரைக் கடக்கிறது என்று வகுப்பறையில் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்த நிகழ்ச்சியில் தடையாக வைத்த நுரைப் பஞ்சுச் சுவரை உடைத்துக்கொண்டு போன ஒருவரைக் கண்ணால் கண்டால் அந்தக் கணக்கு மனதில் தங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சியின் மதிப்பீட்டுக் குழுவில் பயிற்றுநர்களோடு ஓர் உளவியலாளரும் இருந்தார். கைக்கும் காலுக்கும் பழக்கம் போதாமை வேறு. கோபம், பயம், அலட்சியம், பக்கத்து இருக்கையில் ஓயாமல் அதட்டும் உறவினர் ஆகியவை வேறு. (கணவரிடம் வாகனம் ஓட்டப் பழகி, இனி ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன் என்று சபதம் செய்த பின்னர் என்னிடம் வந்த பெண்கள் இதை நன்கு அறிவார்கள்.) முன்மொழிந்தவரையும் கூடவே இருத்தி, சில வேளைகளில் குறை அவரிடமும் உண்டு என்று வெளிப்படுத்தியது அந்த நிகழ்ச்சியின் நல்ல பக்கம்.

குறைகள் எனக்குத் தெரியாதவையல்ல. சறுக்கும் வாகனத்தை மீட்கும் பயிற்சிகள் பார்ப்பதற்கு விறுவிறுப்பானவை, ஆனால் அவற்றை நான் சந்தேகத்துடனேயே பார்த்தேன். நோர்வேயில் புதிய சாரதிகளுக்குச் சறுக்கல் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது இளம் ஆண்களின் விபத்துகள் குறையாமல் கூடின. சமாளித்துவிடலாம் என்ற துணிவு, சமாளிக்கும் திறனை முந்திக்கொண்டது. அதைவிடப் பெரிய குறை பார்வையாளரிடம் விளைந்தது. 1981-இல் வெளியான ஓர் ஆய்வில் ஓலா ஸ்வென்சன் என்ற உளவியலாளர், உங்கள் ஓட்டும் திறன் குழுவில் மற்றவர்களோடு ஒப்பிட்டால் எவ்விடத்தில் இருக்கும் என்று கேட்டார்; அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதத்தினரும் சுவீடன் நாட்டவரில் 69 சதவீதத்தினரும் தம்மை மேல் பாதியிலேயே வைத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே இப்படி நினைப்பவர் முன்னால், வாகனத்தைத் தரித்து வைக்கத் தெரியாமல் தகர டப்பாக்களை நசுக்கும் ஒருவரைக் காட்டினால், நான் அவ்வளவு மோசமில்லை என்ற திருப்தியோடுதான் அவர் படுக்கப் போவார். கட்டுரையாளர் இதைக் குற்றமாகச் சொல்லியிருந்தால் நானும் அவரோடு சேர்ந்திருப்பேன்.

ஓய்வு பெற்ற பின்னர், என்னுடன் பணியாற்றிய பயிற்றுநர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினேன். நிறுத்தற் பலகையில் முழுதாக நிற்காமல் உருண்டு போனது இரண்டு முறை. வீதியில் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தோளுக்கு மேலால் திரும்பிப் பாராதது மூன்று முறை. மாணவராக இருந்திருந்தால் நானே என்னைத் தேறவிட்டிருக்க மாட்டேன். என் தொழில் காலத்தில், சோதனையில் தேறியபின், என் ஓட்டத்தை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று திரும்பி வந்த மாணவர் ஒருவர்கூட இல்லை என்பதையும் அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

ஆகவே, பத்தாண்டுகளுக்கு ஒருமுறை, அதாவது இரண்டாவது புதுப்பித்தலின்போது, பயிற்றுநர் ஒருவருடன் ஒரு மணி நேரம் வீதியில் ஓட்டிக் காட்டுவதை மாகாணப் போக்குவரத்து அமைச்சு கட்டாயமாக்க வேண்டும். அதில் பத்திரத்தைப் பறிக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. பறிபோகும் என்றால் ஆட்கள் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஒழுங்காக ஓட்டுவார்கள். கண்ட தவறுகளை எழுதிக் கையில் கொடுத்தால் போதும். செலவு யாருடையது என்ற வாதம் எழும் என்பதை அறிவேன். புதுப்பித்தல் கட்டணத்துடன் அதைச் சேர்த்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. இது குறித்து வாசகர்களின் கருத்தைத் தங்கள் பக்கங்களில் கேட்டு வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாரதிப் பயிற்றுநர் ஒருவர்,
ஒன்ராறியோ