மணிக்கட்டில் ஒன்பது கோடு போட்ட தம்பிக்கும், மற்ற எல்லாருக்கும்

வணக்கம்.

இடது கை இன்னும் தொட்டில்கட்டில் தொங்குகிறது. வலது கையால் மட்டும் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறேன். நான்கு வாரமாகத் திரை எதையும் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். போன வாரம்தான் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் பார்க்கலாம் என்று மருத்துவர் விட்டுக்கொடுத்தார். கிடைத்த அரை மணிகளையெல்லாம் சேர்த்து எழுதியது இது. முன்னுக்குப் பின் ஓடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இங்கே சிங்கப்பூரில், தேக்கா சந்தையிலிருந்து பொத்தோங் பாசிரில் உள்ள வீட்டுக்குச் சைக்கிளில் திரும்பும்போது, காலாங் ஆற்றங்கரையில் நீர்நாய்க் குடும்பமொன்று புல்லில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அதற்கு அடுத்து எனக்குத் தெரிந்தது ஆம்புலன்ஸின் கூரை. நடுவில் போன நேரம் எனக்குத் திரும்பி வரவேயில்லை, இனி வராது என்றும் சொல்லிவிட்டார்கள். அதில் ஒட்டிக்கொண்டு நிற்பவை இரண்டே துண்டு. ஒன்று, ஒரு பையனின் குரல். இன்னொன்று, என் கண்ணுக்கு நேர் மேலே அவனுடைய மணிக்கட்டில் நீல மையில் போட்ட கோடுகள்.

தம்பி, உன் பெயர் எனக்குத் தெரியாது. உன்னைத் தேடித்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அன்று மெதுவோட்டம் ஓடிக்கொண்டிருந்த சீனப் பெண்மணி ஒருவர் என்னோடு மருத்துவமனை வரை வந்தார். பத்து நாள் கழித்து ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கும் வந்தார். நீ செய்ததையெல்லாம் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உயர்நிலை இரண்டோ மூன்றோ படிக்கும் வயது இருக்கும், பள்ளி உடற்பயிற்சிச் சட்டை போட்டிருந்தான், தமிழ்ப் பையன் என்றார். சனிக்கிழமை காலை, சாரணர் மாதிரியான பள்ளிச் சீருடைக் குழுப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்திருப்பாய் போல. நான் விழுந்ததும் முதலில் ஓடி வந்தது நீதானாம்.

அங்கே கூடியவர்கள் எல்லாரும் நல்ல மனிதர்கள். பெரியவர் ஒருவர் என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கப் பார்த்திருக்கிறார். நீ மலாயில் "ஜாங்கான் அங்காட், பாக்சிக்", தூக்காதீங்க அங்கிள், என்றாயாம். இன்னொருவர் ஹெல்மெட்டின் பட்டியை அவிழ்க்கக் குனிந்தபோது அவர் கையைப் பிடித்து நிறுத்தினாயாம். பிறகு என் தலைமாட்டில் மண்டியிட்டு, உன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் என் தலை அசையாமல் வைத்துக்கொண்டாய். ஈரத் தரை. தூங்குமூஞ்சி மரத்து இலையும் பூவும் மழையில் ஊறிச் சேறாகக் கிடந்த அதே இடம். என்னை வழுக்கிவிட்டதும் அதுதான். கழுத்தில் அடிபட்டிருந்தால் தலையைத் திருப்பியதே போதும், கை கால் விளங்காமல் போயிருக்கலாம். எனக்குக் கழுத்தில் ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் அது யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதால்தான் நீ அசையவிடவில்லை. அந்த நிதானம் பதினான்கு வயதில் எப்படி வந்தது உனக்கு?

இதற்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் நான் தூக்கம் வராமல் நினைத்துக்கொண்டிருப்பது வேறொன்றை.

கண் திறந்ததும் நான் கேட்டது, "வீட்ல சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு அங்கிள். வந்துக்கிட்டு இருக்காங்க."

ஒரு நிமிடம் போயிருக்கும். மறுபடி, "வீட்ல சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு அங்கிள். வந்துக்கிட்டு இருக்காங்க."

மூளை குலுங்கினால் இப்படித்தான் ஆகுமாம். அந்தந்த நிமிடம் நடப்பது மனத்தில் பதியாது. பதில் காதில் விழும், விழுந்த கையோடு அழிந்துவிடும். எனக்கு ஒவ்வொரு முறையும் அது முதல் தடவை கேட்கிற கேள்வி. ஒவ்வொரு முறையும் அதே பயம். நீயோ ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்கிறவனைப் போலவே பதில் சொல்லியிருக்கிறாய். குரலில் ஒரு சலிப்பு இல்லை, "இப்பத்தானே சொன்னேன்" என்ற ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. "அந்தப் பையன் ஏதோ ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான், பிரார்த்தனை செய்கிறான் என்று நினைத்தேன்" என்றார் என்னிடம். என் மனைவி அதைக் கேட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. இடது கையை என் ஹெல்மெட்டின் மேல் பதித்தபடி, அந்த மணிக்கட்டிலேயே வலது கையால் எழுதினாயாம். மேலே விழுந்த நேரம், கண் திறந்த நேரம். அதன் கீழே கோடுகள். நாலு நேர்க்கோட்டின் குறுக்கே ஒன்று, அது ஐந்து. பக்கத்தில் தனியாக நாலு. ஆம்புலன்ஸ் வந்ததும் கையை நீட்டிக் காட்டியிருக்கிறாய், அவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அவசரப் பிரிவில் என்னைப் பார்த்த மருத்துவர், எவ்வளவு நேரம் நினைவில்லாமல் இருந்தார், எத்தனை தடவை ஒன்றையே கேட்டார் என்ற விவரம் கையோடு வந்தது பெரிய உதவி என்று என் மனைவியிடம் சொன்னாராம். உடனே தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே இரத்தக் கசிவு இல்லை.

என்னை ஏற்றும்வரை நின்றுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாயாம். பயிற்சிக்கு நேரமாகியிருக்கும். தாமதமாக வந்ததற்கு ஆசிரியர் ஏதும் சொல்லியிருந்தால், அவர் இதைப் படிக்கட்டும்.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். 995இல் அழைத்தவர் யாரென்று தெரியவில்லை, அவருக்கும், ஆம்புலன்ஸில் வந்த மூவருக்கும், இரண்டு இரவும் மணிக்கொரு தரம் எழுப்பி என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்த தாதியருக்கும், சைக்கிளை என் புளோக்கு வரை தள்ளிக்கொண்டு வந்து சங்கிலிக்கு எண்ணெயும் போட்டு வைத்த ஒன்பதாம் மாடி மலாய்க் குடும்பத்துக்கும், மீன் கஞ்சியை வாசல் கதவில் மாட்டிவிட்டு மணியடிக்காமல் போன எதிர்வீட்டு ஆண்ட்டிக்கும், என் வேலையைப் பங்குபோட்டுச் செய்த அலுவலக நண்பர்களுக்கும், சிவதுர்க்கை அம்மனிடம் என் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்த அத்தனை பேருக்கும் கைகூப்பி நன்றி. எழுத்தைப் பார்த்தால் நெற்றி தெறித்த நாள்களில், தினமும் தமிழ் முரசை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினாள் என் மனைவி. விளையாட்டுப் பக்கம் அவளுக்குப் பிடிக்காது. அதையும் வாசித்தாள்.

இனி ஹெல்மெட்.

இங்கே 2019 பிப்ரவரி 1 முதல் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கட்டாயம் தலைக்கவசம் அணிய வேண்டும். பூங்கா இணைப்புப் பாதையிலும் நடைபாதையிலும் அந்தக் கட்டாயம் இல்லை. நான் சட்டத்தை மதிப்பவன். சாலை இருக்கும் வரை தலையில் இருக்கும், ஆற்றோரப் பாதைக்கு வந்ததும் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிடுவேன். காற்று வாங்கலாம், தலை வேர்க்காது, காரும் பேருந்தும் கிடையாது, பயமென்ன என்று நினைப்பு. பல வருடமாக அப்படித்தான்.

அன்று கைப்பிடியின் இரண்டு பக்கமும் பை. மறுநாள் அம்மாவின் திதி. வாழைக்காய், பூசணிக்கீற்று, அவரைக்காய், இலைக்கட்டு. ஹெல்மெட்டை மாட்ட இடமில்லை. அதனால் தலையிலேயே இருந்தது.

அவ்வளவுதான் காரணம். அம்மாதான் காப்பாற்றினார் என்கிறாள் என் மனைவி. நான் மறுக்கவில்லை, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அடுத்த சனிக்கிழமை கைப்பிடியில் பை இருக்காதே. அப்போது என்ன செய்வேன் என்பதை நான்தானே முடிவு செய்ய வேண்டும்.

அந்த ஹெல்மெட்டை மருத்துவமனையில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். மேசைமேல் இருக்கிறது. வெளி ஓட்டில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், பார்த்தால் பெரிதாகத் தெரியாது. உள்ளே திருப்பிப் பார்த்தால் இடது காதுக்கு மேல் நுரை அமுங்கிக் கிடக்கிறது. என் கட்டைவிரல் முழுசாக அதில் படுக்கிறது. தேக்காவில் ஐஸ் போட்டு மீன் வைத்திருக்கும் வெள்ளைப் பெட்டி இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த நுரைதான், இன்னும் இறுக்கமாக. அதன் வேலையே நசுங்குவதுதான். தரை கொடுக்கிற அடியைத் தான் நசுங்கி வாங்கிக்கொள்கிறது, மண்டை ஓடு வாங்க வேண்டியதை. ஒரு முறை நசுங்கினால் மறுபடி உப்பாது. அதனால் ஒரு விழுகையை வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே நன்றாக இருந்தாலும், திரும்பப் போடக்கூடாது. இது தெரியாமல் பழையதைத் தம்பிக்கும் மகனுக்கும் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

ஹெல்மெட் போட்டும் எனக்கு மூளை குலுங்கியது. காறை எலும்பும் உடைந்தது. அதை மறைக்கவில்லை. எல்லாவற்றையும் அது தடுத்துவிடாது. ஆனால் அந்தக் கட்டைவிரல் ஆழப் பள்ளம் என் தலையில் விழுந்திருந்தால், இன்று இந்த மடலை யார் எழுதுவது? நான் அப்போது வேகமாகவும் போகவில்லை. அந்தப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகலாம், பைச் சுமையோடு அதில் பாதிகூட இருந்திருக்காது. நின்ற இடத்திலிருந்து சாய்ந்தாலும் தலைக்கும் தரைக்கும் உள்ள உயரம் அதே உயரம்தான்.

இப்போது மாலையில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் சைக்கிளோடு போகும்போது கூப்பிட்டுப் பார்க்கிறேன். பாதிப் பேர் ஹெல்மெட்டைப் பின்னந்தலையில் தொப்பி மாதிரி தள்ளி வைத்திருக்கிறார்கள், நெற்றி முழுக்கத் திறந்து கிடக்கிறது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, அதற்கு மேல் போகக்கூடாது. பட்டி காதுக்குக் கீழே கூடி நிற்க வேண்டும். தாடைக்கும் பட்டிக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தால் போதும். ஒரு கையால் சரிசெய்வது கஷ்டமாக இருக்கிறது, ஒருவருக்கொருவர் மாட்டிவிடச் சொல்கிறேன். தாத்தா வந்துவிட்டார் என்று பட்டியைத் தாங்களே இறுக்கிக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

தம்பி, உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

என் அம்மாவுக்குக் கடைசி இரண்டு வருடம் ஞாபகம் போய்விட்டது. "அப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்பார். அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. சாப்பிட்டார் அம்மா என்று சொல்லிவிட்டால் போதும், முகம் தெளிந்துவிடும். முதல் தடவை அப்படித்தான் சொல்வேன், இரண்டாம் தடவையும் சொல்வேன். நாலாவது, ஐந்தாவது தடவை குரல் ஏறிவிடும். "எத்தனை தரம்மா சொல்றது?" அவர் ஒடுங்கிப்போய் ஜன்னலைப் பார்ப்பார். ஏன் திட்டு விழுந்தது என்றே அவருக்குத் தெரியாது. அவருக்கு அது முதல் தடவை கேட்ட கேள்வி.

அந்தப் பக்கம் இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். ஈரத் தரையில் கிடந்து ஒன்பது தடவை பயந்தேன், ஒன்பது தடவையும் ஒரு குரல் என் பயத்தை ஆற்றியது. பெற்ற தாய்க்கு நான் கொடுக்காததை நீ முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கொடுத்தாய். திதியை இந்த வருடம் தள்ளித்தான் செய்தோம். இலையில் சோறு வைக்கும்போது, "அப்பா சாப்பிட்டார் அம்மா" என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சைக்கிள் ஓட்ட இன்னும் இரண்டு மாதம் ஆகும். புது ஹெல்மெட் வாங்கிவிட்டோம், மஞ்சள் நிறம். அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஏழு மணிக்கு அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடிவரை நடந்து வருகிறேன், எட்டு மணிவரை நிற்பேன். இடது கையில் தொட்டில்கட்டு, பக்கத்தில் என் மனைவி. அவள் உனக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். அந்த வழியாகப் போனால் ஒரு நிமிடம் நில். உன் அம்மா அப்பாவிடம் எங்கள் இருவருடைய வணக்கத்தையும் சொல்.