பாட்டியம்மாவுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் கிழட்டுப் பூனை பாட்டியம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள். எடை 2.3 கிலோவிலிருந்து 2.9 கிலோவுக்கு ஏறியிருக்கிறது. 190-ஐத் தாண்டியிருந்த பிரஷர் இப்போது 150-ஐ ஒட்டி நிற்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் 4.1-லிருந்து 2.6-க்கு இறங்கிவிட்டது. வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை. இடது கண் வெளிச்சத்தையும் நிழலையும் பிரித்துணர்கிறது. கோபம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. ஊசிப் பொட்டலம் சலசலக்கும் சத்தத்திலேயே என்ன நடக்கப்போகிறது என்று கண்டுபிடித்துவிடுகிறாள்.

"பூனையைக் காப்பாற்றினீர்களாமே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் செய்தது அவளைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம், வேறு வேறு ஆட்கள் அவரவருக்குத் தெரிந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்ததால் நடந்தது. உங்களில் யார் என்ன செய்தீர்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். சிலர் பெயர் வேண்டாம் என்றதால் யார் பெயரையும் போடவில்லை.

படிக்கட்டில் அவளைக் கவனித்த தங்கைக்கு முதல் நன்றி. வளர்த்தவர் இறந்து வீடு காலியான பிறகு அவள் அந்தப் படிக்கட்டிலேயே தங்கிவிட்டாள். வயசான பூனை, இளைத்துத்தான் இருக்கும், மெதுவாகத்தான் நடக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். நல்ல வெயிலிலும் கண்மணி சுருங்காமல் விரிந்தே இருக்கிறது என்று நீதான் பார்த்துச் சொன்னாய். மருத்துவமனையில் அதை அப்படியே ஒப்பித்தேன். டாக்டர் உடனே பிரஷரைப் பார்க்கச் சொன்னார். பூனைக்குப் பிரஷர் வரும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. சிறுநீரகம் பழுதான பூனைகளுக்கும், தைராய்டு அதிகமாகச் சுரக்கும் பூனைகளுக்கும் அது சகஜமாம். அழுத்தம் ஏறினால் விழித்திரை பிரிந்து திடீரென்று பார்வை போய்விடும். சீக்கிரம் பிடித்தால் சில சமயம் கொஞ்சம் மீளும். அந்த இடது கண் உன் கணக்கு.

பிரஷர் பார்த்த அண்ணாவையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பயந்துபோன பூனையின் பிரஷர் பயத்தாலேயே ஏறிக் காட்டுமாம். அவர் விளக்கை மங்கலாக்கி, மற்ற பரிசோதனைகளைத் தள்ளிவைத்து, அவளை என் மடியிலேயே உட்காரவைத்துவிட்டுச் சும்மா காத்திருந்தார். வெளியே ஒரு கூட்டமே வரிசையில் இருந்தது. அப்புறம்தான் சின்னப் பட்டையை முன்னங்காலில் சுற்றி, முதல் அளவை விட்டுவிட்டு, அடுத்தடுத்து எடுத்ததன் சராசரியைப் போட்டார். அந்தக் காத்திருப்புக்கு எந்தப் பில்லிலும் இடம் கிடையாது.

டாக்டர், உங்களுக்கு எப்படி எழுதுவது என்றுதான் அதிகம் யோசித்தேன். பல்லையும் கருவிழியையும் பார்த்து 12 வயதுக்கு மேல் என்று கணித்தீர்கள். முதல் ரத்தப் பரிசோதனை முடிவை வேறோர் இடத்தில் காட்டியபோது, "இந்த வயசில் இதற்கு மேல் படுத்த வேண்டாம், நிரந்தரமாகத் தூங்க வைத்துவிடலாம்" என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த எண்களை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நீங்களோ, "உடம்பில் தண்ணியே இல்லாதபோது எடுத்த எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. நீர் ஏற்றி, நிலைக்கு வந்ததும் மறுபடி எடுப்போம். அப்புறம் பேசலாம்" என்றீர்கள். நீர் வற்றிய உடம்பில் கிரியேட்டினின் உள்ளதைவிடக் கூடக் காட்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சிறுநீரக நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். பூனைகளுக்குக் கிரியேட்டினின் 2.9-லிருந்து 5 வரை மூன்றாம் நிலை, அதற்குக் கீழே 1.6 வரை இரண்டாம் நிலை. மறுபரிசோதனையில் அவள் இரண்டாம் நிலைக்குள் வந்து நின்றாள். இது குணமாகிற நோய் இல்லை, நல்லபடியாகத் தள்ளிப்போடக்கூடிய நோய் என்றும் அன்றைக்கே சொன்னீர்கள். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இன்றைக்கு நான் வேறு ஏதேதோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

மேல்வீட்டு மாமாவின் கதை தனி. அவளுக்கு எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரை அம்லோடிபின். சீட்டைப் பார்த்ததும், "அட, இது என் மாத்திரை!" என்று மாமா சிரித்துவிட்டார். மனிதர்களுக்கு அதே மருந்துதான், பூனைக்கு அளவு மட்டும் பொடிசு. 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு. அதை நாலாக வெட்டினால் எனக்குப் பாதி பொடியாகிவிடும். மாமா தன் மாத்திரை வெட்டும் கருவியை வைத்துச் சமமாக வெட்டி, வாரத்துக்கு ஏழு துண்டு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுகிறார். "நானும் அவளும் ஒரே கட்சி" என்பார். மாமா, உங்கள் மாத்திரையையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தோலுக்கடியில் நீர் ஏற்றக் கற்றுக்கொடுத்த அக்காவுக்கு நன்றி சொல்ல ஒரு பத்தி போதாது. ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மில்லி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர். இதை வீட்டிலேயே செய்யலாம் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. நீங்கள் வந்து, பையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கச் சொன்னீர்கள். குளிர்ந்த நீர் உள்ளே போனால் நாமாக இருந்தாலும் துள்ளுவோம் இல்லையா. தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, ஊசியின் சரிந்த வாய் மேலே பார்க்கும்படி உள்ளே விட வேண்டும். தயங்கித் தயங்கிக் குத்துவதுதான் அவளுக்கு வலி, ஒரே சீராகப் போனால் தெரியாது என்றீர்கள். முதல் இரவு அந்த நீரெல்லாம் ஒரு பக்கமாக இறங்கி முன்னங்கால் வீங்கியபோது பதறிப்போய் உங்களை எழுப்பினேன். "உடம்பு இழுத்துக்கொள்ளும், போய்த் தூங்கு" என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் நீங்களே வந்து பார்த்தீர்கள். விடிவதற்குள் வீக்கம் வடிந்திருந்தது. இப்போது தனியாகவே ஏற்றுகிறேன். அக்காவின் குரல் மட்டும் காதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

தங்கள் பூனையை அதே நோய்க்குப் பறிகொடுத்த குடும்பத்துக்கு: நீங்கள் அனுப்பிய பெட்டியைத் திறந்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிரிக்காத நீர்ப் பைகள், பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவு, ஊசிகள். ஒவ்வொன்றின் மேலும் காலாவதித் தேதியைப் பெரிதாக எழுதியிருந்தீர்கள். பிரித்தவற்றை அனுப்பக் கூடாது என்று நீங்களே எறிந்துவிட்டதாகச் சொன்னீர்கள். அவள் அந்த உணவை முதலில் மோந்துகூடப் பார்க்கவில்லை. பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று விட்டுவிடலாமா என்று கேட்டபோது தடுத்ததும் நீங்கள்தான். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடும், பழைய உணவில் ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று கலந்து மெல்ல மாற்றுங்கள் என்றீர்கள். அப்படித்தான் மாறினாள்.

பக்கத்து வீட்டுத் தம்பி, உன்னை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அவள் தலையைத் தூக்க முடியாமல் தாடை நெஞ்சில் படும்படி உட்கார்ந்திருப்பதை வீடியோ எடுத்துக் காட்டினாயே, டாக்டர் அதைப் பார்த்தவுடன் பொட்டாசியத்தைச் சோதித்தார். குறைந்துதான் இருந்தது. மருந்து கொடுத்ததும் கழுத்து நிமிர்ந்தது. சோர்வு என்று நான் விட்டிருப்பேன்.

இன்னொருவர், அவளுக்கு வலியாக இருக்குமே, பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று கேட்டார். ஒரே மாத்திரை போதும், பூனை செத்துப்போகும். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருந்தாரே, அதற்காகவே அவருக்கு ஒரு தனி வணக்கம்.

பல் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு: பிரஷர் கட்டுக்குள் வந்த பிறகுதான் மயக்க மருந்து கொடுத்தார்கள். நோயுற்ற பற்களை எடுத்தாகிவிட்டது. வாயில் நாற்றம் இல்லை. பல் இல்லாமலேயே நன்றாகச் சாப்பிடுகிறாள். வரவு செலவுக் கணக்கை ரசீதுகளோடு எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சின்னத் தொகையை மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதற்குப்போய் நன்றி எதற்கு என்பீர்கள். முதல் வாரத்தில் படத்தைப் பார்த்து மனசு இளகிக் கொடுக்க நிறையப் பேர் வந்தார்கள், அவர்களுக்கும் நன்றிதான். ஆனால் இந்த நோய்க்குச் செலவு முதல் வாரத்தோடு முடிவதில்லை. மாத்திரை, நீர், பரிசோதனை என்று அவள் இருக்கும்வரை ஓடும். படம் போடாத மாதத்திலும் உங்கள் பணம் வந்தது.

நான் வெளியூர் போனபோது வந்து தங்கியவர்களுக்கும் நன்றி. நாற்காலியைக்கூட நகர்த்தாமல், தண்ணீர்க் கிண்ணத்தை அதே மூலையிலேயே வைத்திருந்தீர்கள். பார்வை இல்லாதவளுக்கு வீட்டின் வரைபடம் மனசுக்குள் இருக்கிறது. நாம் அதைக் கலைக்காமல் இருந்தால் போதும்.

அவளைப் பார்க்க வர விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம். தொடுவதற்கு முன்னால் குரல் கொடுங்கள், திடீரென்று தொட்டால் கை போய்விடும்.

பணத்தில் கொஞ்சம் மீதி இருக்கிறது. இதே டாக்டரிடம் கிழட்டு ஆண் பூனை ஒன்று வந்திருக்கிறது. சர்க்கரை நோய், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் போட வேண்டும். அதன் மருந்துக்கு இந்த மீதியைத் திருப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். யாருக்காவது மறுப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், உங்கள் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். சாயங்கால ஊசியை மட்டும் ஏற்றுக்கொள்ள யாராவது முன்வந்தால் காலை ஊசியை நான் பார்த்துக்கொள்கிறேன். போடத் தெரியாது என்றால் பரவாயில்லை, அக்கா கற்றுக்கொடுப்பார். அவரிடம் இன்னும் கேட்கவில்லை, இந்த மடலைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

அன்புடன்,
பாட்டியம்மாவின் வீட்டுக்காரர்