ஸ்பைரோமெட்ரி 'நோர்மல்' என்றால் தொய்வு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி அறிக்கையில் 'நோர்மல்' என்று இருந்துவிட்டால் தொய்வே (ஆஸ்துமா) இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். தொய்வில் மூச்சுக்குழாய் எப்போதும் சுருங்கியே இருப்பதில்லை. இரவில் மூச்சுமுட்டு வந்தவர் மறுநாள் பத்து மணிக்கு நன்றாகவே ஊதிவிடுவார். (நெஞ்சு எக்ஸ்ரேயிலும் தொய்வு தெரியாது, அது காசம், நியூமோனியா போன்றவற்றைத் தேடத்தான்.)

அறிக்கையில் முதலில் பார்க்கவேண்டியது, முதல் விநாடியில் வெளிவந்த காற்று மொத்தக் காற்றில் எத்தனை பங்கு என்பதை. 0.7க்குக் கீழே என்றால் பொதுவாக அடைப்பு. பிறகு ஸ்பேசர் (பம்பில் பொருத்தும் கூடு) வைத்து, மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் மருந்தை நான்கு பஃப், அதாவது 400 மைக்ரோகிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதவைப்பார்கள். மருந்தால் அடைப்பு இளகியது என்று சொல்ல, முதல் விநாடிக் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலீட்டரும் கூடவேண்டும், இரண்டும் வேண்டும். 2000 ஊதியவர் 2300 ஊதினால் தேறும். 1200 ஊதியவர் 1360க்கு வந்தால் 13 சதவீதம் கூடியிருந்தாலும் 160 மில்லிலீட்டர்தான், தேறாது.

காலையில் பம்ப் அடித்துவிட்டு வந்தால் இந்த ஒப்பீடே வீண். சல்பியூட்டமோலை 4 மணித்தியாலமும், இருவேளை பாவிக்கும் நீண்டநேர பம்பை 24 மணித்தியாலமும், ஒருவேளை பம்பை 36 மணித்தியாலமும் நிறுத்தவேண்டும். வைத்தியரைக் கேட்டே நிறுத்துங்கள். இழுப்பு தாங்கமுடியாவிட்டால் அடித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு என்று பரிசோதிப்பவரிடம் சொன்னால் போதும்.

அதைவிட அதிகம் கெடுவது ஊதும் விதத்தில். மூக்கில் கிளிப், நெஞ்சு நிறைய மூச்சு, குழாயைச் சுற்றி உதடு இறுக்கம், உடனே ஒரே வீச்சு. பிறகு காற்று தீரும்வரை விடாமல் ஊதவேண்டும். இரண்டு மூன்று விநாடியில் நிறுத்தினால் மொத்தக் காற்று குறைந்து, பங்கு பொய்யாகக் கூடி, இருக்கிற அடைப்பு மறைந்துபோகும். வரைகோட்டைப் பார்த்தாலே பிடிபடும்: ஆரம்பத்தில் கூர்மையாக ஏறி, சரிந்து அடிக்கோட்டைத் தொடவேண்டும். நடுவில் செங்குத்தாக விழுந்தால் ஊதியது பாதியில் நின்றுவிட்டது. ஒழுங்கான ஊதல் குறைந்தது மூன்று வேண்டும். சிறந்த இரண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லிலீட்டரைத் தாண்டக்கூடாது.

"ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் உரத்துச் சொன்னால்தான் இது சரிவரும். கொழும்பில் தமிழ் மட்டும் தெரிந்த முதியவரைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ விரட்டி எடுக்கும் அறிக்கையை எப்படி நம்புவது?

அண்மையில் மாரடைப்பு, கண் சத்திரசிகிச்சை, இருமலில் இரத்தம் என்று ஏதாவது இருந்தால் ஊதுமுன்பே சொல்லிவிடவேண்டும்.

அறிக்கை நோர்மலாக வந்தும் முட்டு தொடர்ந்தால் ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவியான பீக் ஃப்ளோ மீட்டரில் இரண்டு கிழமை, காலையும் இரவும் மூன்று தடவை ஊதி, கூடியதை எழுதிவாருங்கள். காலை 400, இரவு 480 என்றால் வித்தியாசம் 80, சராசரி 440. அன்றைய மாற்றம் 18 சதவீதம். இந்த அன்றாட மாற்றத்தின் இரண்டு கிழமைச் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் தாளோடு மீண்டும் வைத்தியரைப் பாருங்கள். பரிசோதனை நிலையங்களும் இலக்கங்களை மட்டும் தராமல் வரைகோட்டையும் அச்சிட்டுக் கொடுக்கவேண்டும்.

சுவாசப் பரிசோதனைப் பணியாளர்கள் சிலர்,
கொழும்பு