கேபிளுக்கு வசூல் வேண்டாம், முதலில் எர்த்தை அளந்து பாருங்கள்: கலையரங்கக் கமிட்டியாருக்குத் திறந்த மடல்

மரியாதைக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயலாளர், பொருளாளர், கமிட்டி உறுப்பினர்களுக்கும் களியக்காவிளை, மார்த்தாண்டம் வட்டார மைக் செட் தொழிலாளர்களின் வணக்கம்.

கோயில் கலையரங்கத்துக்கு இறக்குமதி பவர் கார்டும் சிக்னல் கேபிளும் வாங்க 2 லட்சம் ரூபாய் நன்கொடை கேட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். முதல் தவணையில் ஸ்பீக்கர் கேபிளுக்கு எவ்வளவு போனது, அதன் பிறகும் கொடை விழா வில்லுப்பாட்டில் ஒலிபெருக்கி எப்படி இரைந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அந்த வசூலை நிறுத்திவையுங்கள். முதலில் எர்த்தை அளந்து பாருங்கள். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

வில்லுப்பாட்டில் உடுக்கும் குடமும் முழங்கும்போது எந்த இரைச்சலும் தெரியாது. அவை அடங்கி, புலவர் குரலைத் தாழ்த்திக் கதை சொல்லும் இடத்தில்தான் அந்த 'ம்ம்ம்' என்ற ஹம் எழுந்து நின்றது. பின்வரிசையில் இருந்த வயதான பெண்கள் கதை புரியாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். குரலைத் தூக்க மைக்கை ஏற்றினால் ஊளை, இறக்கினால் ஹம் மட்டும். மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரில், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் எல்லா ஃபேடரையும் அடிமட்டத்துக்கு இறக்கிய பிறகும் ஹம் கொஞ்சமும் குறையவில்லை. இந்த ஒரு அடையாளத்தை அன்றைக்கே யாராவது கவனித்திருந்தால் போதும். ஃபேடருக்குக் கட்டுப்படாத ஹம் மைக்கிலிருந்து வருவதல்ல. அது மிக்சருக்கும், ஒலியைப் பெருக்கும் ஆம்புக்கும் நடுவில் நுழைகிறது. நீங்கள் பணம் கொட்டியதோ ஆம்பைத் தாண்டிய ஸ்பீக்கர் கேபிளில்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். ஆம்ப் ரேக் மேடைக்குப் பின்னால் ஒரு போர்டில் இருக்கிறது. மிக்சர் ஹாலின் பக்கவாட்டில், விளக்கும் மின்விசிறியும் ஓடும் வேறொரு போர்டில். இரண்டுக்கும் தனித்தனி எர்த் குழி. இரண்டையும் இணைப்பது 25 மீட்டர் சிக்னல் வயர், இரு முனையிலும் பி-38 எனும் கால் அங்குல மோனோ ஜாக். இரண்டு எர்த்துக்கும் இடையில் இருக்கும் வோல்டேஜ் வித்தியாசம் அந்த வயரின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றிய உலோகப் பின்னல்) வழியாக 50 ஹெர்ட்ஸ் கரண்டாக ஓடுகிறது. மோனோ வயரில் ஷீல்டேதான் சிக்னலின் திரும்பும் பாதையும். ஆகவே சில மில்லிவோல்ட் சேர்ந்தாலே ஆம்ப் அதையும் பாட்டாக நினைத்துப் பெருக்கிக் கொடுக்கும். அந்த வயரை வெள்ளியில் இழுத்தாலும் இதே கதிதான்.

ஸ்பீக்கர் கேபிளில் பார்க்க வேண்டியது தடிமனும் நீளமும். 30 மீட்டர் ஓட்டத்துக்குப் போக வர 60 மீட்டர் செம்பு. 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கம்பியில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 ஓம், அப்படியானால் 60 மீட்டருக்கு அரை ஓம் வரை வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இழப்பு சுமார் அரை டெசிபல், காது கண்டுகொள்ளாது. அதே தூரத்துக்கு 0.5 ஸ்கொயர் மெல்லிய வயர் போட்டால் இரண்டு டெசிபலுக்கு மேல் போகும், அது தவறு. 4 ஸ்கொயர் போட்டால் சுமார் 0.3 டெசிபல். இதற்கு மேல் பணத்தால் வாங்க ஒன்றுமில்லை.

கேபிள் கம்பெனியின் பிரசுரத்தில் இருக்கும் 'ஆக்சிஜன் இல்லாத செம்பு' பொய்யல்ல. ஆனால் சாதாரண மின்கம்பிச் செம்போடு ஒப்பிட்டால் கடத்தும் திறனில் வித்தியாசம் 1 சதவீதம்கூட வராது. அதிர்வெண் ஏற ஏறக் கரண்ட் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் 'ஸ்கின் எஃபெக்ட்' என்பதும் உண்மையான இயற்பியல்தான், ஆனால் 20 கிலோஹெர்ட்ஸிலும் செம்பில் அதன் ஆழம் அரை மில்லிமீட்டரை ஒட்டி நிற்கிறது. மெல்லிய இழைகளாக முறுக்கிய இந்தத் தடிமன் கம்பியில் காதுக்கு எட்டும் விளைவு அதற்குக் கிடையாது. கேபிள் உறைமேல் திசை காட்டி அச்சிட்ட அம்புக்குறிக்கு ஸ்பீக்கர் லைனில் வேலையே இல்லை. அங்கே ஓடுவது ஏ.சி., நொடிக்குப் பல நூறு தடவை திசை மாறும். இனி பவர் கார்டு. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கம்பம் கம்பமாக அலுமினியக் கம்பியில் வந்த கரண்டை, கடைசி ஒன்றரை மீட்டரில் புனிதப்படுத்துவதாகச் சொல்கிறார்கள். கோயில் கமிட்டி என்பதால் புனிதம் என்றதும் கையெழுத்து விழுந்துவிட்டதோ என்னவோ!

2007-இல், போலிக் கூற்றுகளை அம்பலப்படுத்திவந்த மாய வித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து காதால் பிரித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தார். கேபிள் கம்பெனி பின்வாங்கியது, சோதனையே நடக்கவில்லை. உங்களுக்கு விற்றவரையும் அழையுங்கள், திரைக்குப் பின்னால் நாங்கள் வயரை மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஐந்தாறு தடவை சரியாகச் சொன்னால் போதாது, குருட்டாம்போக்கிலும் அது அமையும். இருபது தடவையில் குறைந்தது பதினைந்து தடவை சரியாக இருக்கட்டும்.

நல்ல கேபிளே வேண்டாம் என்பதல்ல எங்கள் பேச்சு. கடற்காற்றும் இரண்டு பருவமழையும் உள்ள இந்த மாவட்டத்தில் திறந்த செம்பு பச்சை பூத்துவிடும். ஸ்பீக்கர் லைனுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு, ஸ்க்ரூ டெர்மினலுக்குப் பதில் திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் பிளக், மைக் லைனுக்கு நெருக்கமாகப் பின்னிய ஷீல்டு, இவற்றுக்குக் கொடுக்கும் காசு தகும்.

கோபத்தை அடக்க முடியாத ஒன்று மிச்சமிருக்கிறது. அன்று நள்ளிரவுக்கு மேல் ஹம் குறைந்ததைப் புதுக் கேபிள் 'செட்டானதால்' என்று மேடையிலேயே அறிவித்தீர்கள். மிக்சர் பிளக்கைப் பாருங்கள் அண்ணாச்சி, எர்த் பின்னில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. அதனால்தான் குறைந்தது. இப்போது மிக்சரின் உலோக உடம்புக்கு எர்த் என்று இருப்பது அந்த 25 மீட்டர் ஷீல்டு மட்டும்தான். அந்த ஜாக் கழன்று, உள்ளே கரண்ட் வரும் ஃபேஸ் வயர் உடம்பில் தட்டினால் 230 வோல்ட் மைக் தலைக்கே வரும். புலவர் உதட்டை ஒட்டிப் பாடுவது அதில்தான்.

செய்ய வேண்டிய வேலை ஒரு பகலில் முடியும். இரண்டு போர்டின் எர்த் பின்களுக்கும் இடையில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து அளக்க வேண்டும். பிறகு ஆம்ப் போர்டிலிருந்தே 3 கோர் வயர் இழுத்து மிக்சருக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும், பெரும்பாலும் இதிலேயே ஹம் போய்விடும். மோனோ வயரையும் ஜாக்குகளையும் எடுத்துவிட்டு, ஷீல்டுக்குள் இரண்டு கோர் உள்ள வயரில் எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று பின் பிளக் போட்டு, 1 ஷீல்டு, 2 பிளஸ், 3 மைனஸ் என்று இரு முனையிலும் ஒன்றுபோல் சால்டர் செய்ய வேண்டும். அப்படியும் மிச்சமிருந்தால் சிக்னல் லைனில், இரு பக்கமும் கம்பித் தொடர்பில்லாமல் சிக்னலை மட்டும் கடத்தும் ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு எர்த் குழிகளையும் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு ஒன்றாக இணைத்து, மேடை போர்டுக்கு கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். எல்லாம் ஆயிரங்களில் முடியும், லட்சத்துக்கு வராது.

கூலி வேண்டாம், சாமான் செலவு மட்டும் கமிட்டியுடையது. அளக்கும்போது பொருளாளரும் பக்கத்தில் இருந்து மீட்டரைப் பார்க்கட்டும். அதுவரை வசூலை நிறுத்திவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எர்த் பின்னில் உள்ள டேப்பை மட்டும் இன்றைக்கே உரித்துவிடுங்கள். அதற்குக் கூட்டமும் தீர்மானமும் தேவையில்லை.

இப்படிக்கு,
வட்டார மைக் செட் தொழிலாளர்கள்