பால் கட்டுக்கும் ஒரு கெடு வேண்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். தாய்ப்பால் வாரத்தையொட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பிள்ளைக்குக் கிடைக்கும் நன்மைகளெல்லாம் சரியாகச் சொல்லப்பட்டிருந்தன. தாயின் மார்பில் கட்டி தட்டுப்பட்டால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. மகப்பேறு வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் எழுதுகிறேன்.

கட்டி என்றதுமே வீட்டுப் பெரியவர்கள், "பால் கட்டியிருக்கும், ஒத்தடம் கொடுத்தால் கரைஞ்சிடும்" என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். பால் அடைப்பு, பால் தேங்கிய கட்டி, கர்ப்பத்தில் பெரிதாகும் சாதாரண நார்க்கட்டி, சீழ்க்கட்டி எனப் புற்றுநோய் அல்லாதவையே அதிகம். (போட்டு அழுத்திப் பிசைவதை மட்டும் பாட்டிமார்கள் விட்டுவிட வேண்டும், வீக்கம்தான் கூடும்.) கர்ப்ப காலத்திலோ பிரசவமான ஓராண்டுக்குள்ளோ மார்பகப் புற்றுநோய் வருவது சுமார் 3,000 கர்ப்பங்களுக்கு ஒன்று. அந்த ஒருத்திக்குத்தான் "பால் கட்டு" என்றே மாதங்கள் ஓடிவிடுகின்றன. இரண்டு வாரத்தில் கரையாத கட்டியை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். மருந்து சாப்பிட்டும் சிவப்பும் வீக்கமும் வடியவில்லை, தோல் ஆரஞ்சுத் தோல்போல் குழிகுழியாகிறது என்றால் உடனே போக வேண்டும்.

போகத் தயங்குவதற்குப் பயமே காரணம். முதலில் எடுப்பது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிறார்களே, அதே வகைதான். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் தேவைப்பட்டாலும் கருப்பைக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. இந்தச் சோதனைகளுக்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனால் படம் தெளிவாக வரும். மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும் செய்யலாம். எப்போதாவது அந்த இடத்தில் கொஞ்ச நாள் பால் கசியும், அவ்வளவுதான். லேபுக்குப் போகும் சீட்டில் "கர்ப்பிணி" அல்லது "பாலூட்டும் தாய்" என்று கட்டாயம் எழுத வேண்டும். இந்தக் காலத்தில் மார்புத் திசுக்கள் இயல்பாகவே மாறியிருக்கும். அது தெரியாமல் பார்ப்பவர் தவறாகப் படிக்க வாய்ப்புண்டு. புற்றுநோய் என்றே வந்தாலும் கருவைக் கலைத்தே தீர வேண்டும் என்பதில்லை. முதல் மூன்று மாதம் கடந்தபின் கீமோ எனும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சை கொடுக்க வழியிருக்கிறது. கீமோ நடக்கும்போது தாய்ப்பால் கூடாது.

அரசின் மார்பகப் பரிசோதனைத் திட்டம் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. நம் ஊர்ப் பிள்ளைத்தாய்ச்சிகளில் பெரும்பாலோர் அதற்கும் இளையவர்கள். ஆனால் 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசிகளுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர்களேதான் வருகிறார்கள். பிள்ளையின் எடையைக் குறிக்கும் செவிலியர், "மார்பில் கட்டி ஏதும் இருக்காம்மா?" என்று தாயையும் கேட்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். இருக்கிறது என்றால் அங்கேயே தொட்டுப் பார்க்க ஒரு திரை மறைப்பு போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கும்பகோணம்.